பாசி எடுக்கும் பெண்களின் உடல்நலத்தை ஆராய விரும்புகிறேன்: நர்சிங் படித்தவள் எங்கிருந்து தொடங்குவது?

பாசிக்காரம்மா மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஏர்வாடிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம் எனக்கு. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி.யாக (இடைநிலை சுகாதாரப் பணியாளர்) ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, தடுப்பூசி நாளன்று வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) அக்காவுக்குக் கூடமாட நிற்பது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது என்று நாள் ஓடிவிடும். ஆனால் மனசில் இருக்கும் வேலை வேறு. பெண்களின் கர்ப்பப்பை, மாதவிலக்கு, பிரசவம் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். அதையும் எங்கள் ஊர்ப் பெண்களுக்காகவே செய்ய வேண்டும்.

அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: விடியும் முன்பே வல்லத்தில் ஏறிப் போவார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடுவார்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை. கரைக்குத் திரும்பும்வரை அதே ஈரத்துணிதான். கடலில் ஒதுங்க இடமில்லை என்பதால் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மாதவிலக்கு நாளிலும் போகிறவர்கள் உண்டு. போகாவிட்டால் அன்றைய காசு போச்சு.

இவர்கள் என்னிடம் வந்து சொல்வது நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, தொடை இடுக்கில் புண். சிலர் கதவைச் சாத்திவிட்டு, “அடி இறங்குற மாதிரி இருக்கு” என்பார்கள், கர்ப்பப்பை கீழே இறங்குவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் பாசி வேலையால் வருகிறதா? கடலுக்குப் போகாத பெண்களுக்கும் இதே அளவு இருக்கிறதா? இதைத்தான் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வெளியிலிருந்து ஒரு குழு வந்து, ஆராய்ச்சி என்று சொல்லி எங்கள் தெருப் பெண்களிடம் ரத்தம் எடுத்துப் போனது. முடிவு யாருக்கும் வரவில்லை. “என் ரத்தத்துல என்னதான் இருந்துச்சாம்?” என்று அம்மா இப்போதும் கேட்பார். நான் செய்தால் அப்படி இருக்கக் கூடாது.

எம்.எஸ்சி. நர்சிங் படிப்பதா, எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிப்பதா? பிஎச்.டி.க்கு எது வழி? வேலையை விடாமல் இப்போதே ஏதாவது தொடங்க முடியுமா? வீட்டில் கல்யாணப் பேச்சும் ஓடுகிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

தொண்டிக்காரி பதில்:

தங்கச்சி, நான் தொண்டி. நோய்ப்பரவியல் படித்து, கர்ப்பிணிகளைப் பற்றிய கள ஆய்வுகளில் வேலை செய்கிறேன். பட்டத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் உங்கள் கேள்வியைப் பார்ப்போம். “கடலுக்குப் போகாத பெண்களுக்கும் இதே அளவு இருக்கிறதா” என்று கேட்டீர்கள் பாருங்கள், ஆராய்ச்சிக்கு ஆதாரமே அந்த ஒப்பீடுதான். எம்.பி.எச். முடித்துவிட்டு வருகிறவர்களிடம்கூட இதை நான் சொல்லிச் சொல்லித்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

கட்சிரோலி ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். மகாராஷ்டிராவில் டாக்டர் ராணி பங், அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் பெண்நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா? அதனால் உங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களோடு நின்றுவிடாதீர்கள். தெருவில் உள்ள அத்தனை பெண்களின் பட்டியலையும் எடுத்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, கொஞ்சம் நுட்பமான சங்கதி. இன்று பாசி எடுக்கப் போகிறவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டால், போகிறவர்கள் நல்ல ஆரோக்கியமாகத் தெரியலாம். ஏன்? முடியாமல் போனவர்கள் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். தெம்பு உள்ளவர்கள்தான் அந்த வேலையில் தங்குவார்கள். அடி இறங்கிய அக்கா இப்போது வீட்டில் உட்கார்ந்து கருவாடு காயப்போட்டுக்கொண்டிருப்பார், நீங்கள் அவரைக் “கடலுக்குப் போகாதவர்” கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். முடிவு தலைகீழாகிவிடும். அதனால் “இப்போது போகிறீர்களா” என்று மட்டும் கேட்காமல், எந்த வயதில் தொடங்கினீர்கள், எப்போது விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று முழு வேலைக்கதையையும் கேளுங்கள். பிரசவ எண்ணிக்கை, வயது, வீட்டில் கழிப்பறை உண்டா, சர்க்கரை உண்டா இதெல்லாமும் வேண்டும். நீர்க்கடுப்புக்கும் அடி இறக்கத்துக்கும் காரணம் கடல் மட்டும்தான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒப்புதல் வாங்குவது பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். உங்களை அந்தப் பெண்கள் மாத்திரை தருகிற நர்சம்மாவாகத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. ஆகவே ஒப்புதலை நீங்கள் வாங்காதீர்கள். உங்கள் நிலையத்தோடு சம்பந்தமில்லாத வேறொரு பெண் வாங்கட்டும். மறுத்தாலும் மாத்திரை நிற்காது என்பதை அவர் வாயால் சொல்லட்டும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தன்னைச் சார்ந்து இருப்பவர்களிடம் ஆய்வு செய்வதைப் பற்றி அதில் விளக்கமாக இருக்கிறது. முதல் ஆய்வில் 18 வயது நிரம்பியவர்களை மட்டும் சேருங்கள். அதற்குக் கீழே போனால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிக்க வேண்டிய கடமை குறுக்கே வரும், முதல் ஆய்விலேயே அந்தச் சுமை வேண்டாம்.

அப்புறம், கேள்வித்தாளில் “எந்தத் தீவுக்குப் போகிறீர்கள்” என்று ஒரு கட்டம் வந்துவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா என்பது உங்களுக்குத் தெரியும். பெயரும் தீவும் சேர்ந்து ஒரு தாளில் இருந்தால் நாளைக்கு அது அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகலாம். உங்கள் கேள்விக்குத் தீவின் பெயர் தேவையே இல்லை. எத்தனை மணி நேரம் ஈரத்தில் இருந்தார் என்பது போதும். இதையெல்லாம் வெளியூர் ஆராய்ச்சியாளர் யோசிக்க மாட்டார், நீங்கள் யோசிப்பீர்கள். அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்கிறேன்.

இப்போது படிப்பு. உங்கள் கேள்விக்கு எம்.பி.எச். பொருந்தும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, நர்சிங் படித்தவர்களையும் சேர்க்கிறார்கள். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. நர்சிங்கில் மகப்பேறு பிரிவு எடுத்தால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்கும் கதவு திறக்கும். அது நிலையான வழி. ஆனால் புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும் ஆழமாக வேண்டும் என்றால் எம்.பி.எச்.தான்.

வேலையை விடாமல் தொடங்க: அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ‘ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்’ வகுப்பு என்.பி.டெல். என்ற இணைய வகுப்புத் தளம் வழியாக இலவசம். இரவு உட்கார்ந்து பார்க்கலாம். இலவசப் புள்ளியியல் மென்பொருள் ஒன்றை இறக்கி, தேசிய குடும்பநல ஆய்வின் ராமநாதபுரம் மாவட்டத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களோடு பழகுங்கள். ஐ.சி.எம்.ஆர். திட்டங்களில் களப்பணிக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பியுங்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தத் துறையில் முதல் சில வருடங்கள் அப்படித்தான் போகும், நானும் அப்படித்தான் வந்தேன்.

---

ரிட்டயர்டு வி.எச்.என். பதில்:

பாப்பா, சாயல்குடி பக்கம் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. பெண்களிடம் பேசுவது தெரியும், அதைச் சொல்கிறேன்.

வீட்டில் போய்க் கேட்காதே. குடிசையில் ஓர் அறை, மாமியார் இந்தப் பக்கம், பிள்ளைகள் அந்தப் பக்கம். அங்கே எந்தப் பெண்ணும் வெள்ளைப்படுகிறது என்று சொல்ல மாட்டாள். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள், நீயும் அதையே எழுதிக்கொண்டு வருவாய். கரையில் பாசி காயப்போடும்போதும் கேட்காதே, வியாபாரி ஆள் நிற்பான். அங்கன்வாடி பூட்டிய பிறகு அதன் சாவியை வாங்கி, ஒவ்வொருத்தியாகக் கூப்பிடு. கடலுக்குப் போகாத நாளாக இருக்க வேண்டும். கடல் நாளில் தூக்கத்தோடு பதில் சொல்வார்கள்.

முதலில் இடுப்புவலியைக் கேள், பிள்ளைகளைக் கேள். அடி இறங்கியதைக் கடைசியில் கேள். அழுதால் நிறுத்திவிடு. எழுதுவதை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திரு.

உன் அம்மாவிடமிருந்து தொடங்காதே. ஊரில் நர்ஸ் தன் வீட்டுக் கதையை எழுதினாள் என்று ஆகிவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கல்யாணத்தைப் பற்றி: மாப்பிள்ளை பார்க்க வரும்போதே படிக்கப் போகிறேன் என்று நீயே சொல்லிவிடு, தரகரை விட்டுச் சொல்லச் சொல்லாதே.

---

மகப்பேறு டாக்டர் பதில்:

சிஸ்டர், ராமநாதபுரம் மாவட்டத்தில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். மேலே தொண்டிக்காரி சொன்னதோடு பரிசோதனைக்கூடப் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

நீர்க்கடுப்பு என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் கிருமித்தொற்று இருக்காது. தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் அடர்ந்தாலே கடுக்கும். வெள்ளைப்படுவதெல்லாம் நோயும் இல்லை. ஆகவே அட்டவணையில் அறிகுறியை ஒரு பத்தியிலும் பரிசோதனை முடிவை இன்னொரு பத்தியிலும் தனித்தனியாக வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்த ஆய்வை நல்ல இதழ்கள் ஏற்பது கடினம்.

சிறுநீர் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, செய்வதென்றால் நேரம்தான் முக்கியம். சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கூடம் போய்ச் சேர வேண்டும். நம் வெயிலுக்கு அதைத் தாண்டினால் குப்பியிலேயே கிருமி பெருகி, இல்லாத தொற்றையும் இருப்பதாகக் காட்டும். ஐஸில் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். தடுப்பூசி கேரியரை இதற்கு எடுக்கவே கூடாது, அது தடுப்பூசிக்கு மட்டும். தனியாக ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஐஸ் கிடைப்பதா கஷ்டம்? கல்ச்சருக்கு முன் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார்களா என்று மறக்காமல் கேளுங்கள். பாதிப் பேர் போட்டிருப்பார்கள், கல்ச்சரில் ஒன்றும் வளராது, நீங்கள் நோயே இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

நர்சிங் படித்தவளால் என்ன முடியும் என்ற தயக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. திண்டுக்கல் மாவட்ட ஆய்வைப் பாருங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் பரிசோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள்தான் கிராமங்களில் செய்தார்கள். டாக்டர் சங்கரநாராயணன் குழு 2007இல் லான்செட்டில் முடிவை வெளியிட்டது. நோய் வருவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஆய்வு அது, நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

இரண்டாவது ஆய்வுக்கு ஒரு யோசனை: உப்புத் தண்ணீர். வங்கதேசத்தில் டாகோப் என்ற கடலோரப் பகுதி மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கு உயர் ரத்த அழுத்தம் மழைக்காலத்தில் 5.1 சதவீதம், வறண்ட காலத்தில் 12.2 சதவீதம். வறண்ட காலத்தில் குடிநீரில் உப்பு ஏறுகிறது. 2011இல் வந்த கட்டுரை. நம் கடற்கரையிலும் ஊற்றுத் தோண்டி அகப்பையில் மொண்டு குடிக்கும் இடங்கள் இருக்கின்றன. உங்கள் நிலையத்துப் பதிவேட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியின் அழுத்தமும் மாதவாரியாக இருக்கிறது. தேவையான அனுமதி வாங்கினால் அது தயார் நிலையில் உள்ள ஆய்வுப் பொருள்.

அனுமதியை நெறிமுறைக் குழுவிடமும் உங்கள் துறையிடமும் எழுத்தில் வாங்குங்கள். 2022இல் திறந்த நம் அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறை இருக்கிறது. ஒரு பக்கக் குறிப்போடு அங்கே உள்ள பேராசிரியரை நேரில் போய்ப் பாருங்கள்.

---

கீழக்கரை லாத்தா பதில்:

இந்த இழையை உயிரியல் படிக்கிற பிள்ளைகளும் பார்ப்பார்கள், அவர்களுக்காக இது. நான் நஞ்சுக்கொடி செல்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. முடித்தவள். விலங்கியல், பயோடெக்னாலஜி எம்.எஸ்சி. முடித்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் அல்லது ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப். தேர்வு எழுதுங்கள். உதவித்தொகை கையில் இருந்தால் வழிகாட்டியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். இனப்பெருக்க ஆரோக்கியத்துக்கென்றே மும்பை பரேலில் ஐ.சி.எம்.ஆர். நிறுவனம் இருக்கிறது. கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விழுந்தவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு: நர்சிங்கிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குள் வருவது சுற்றுவழி. உங்கள் இடம் களம்தான்.

---

பாசிக்காரம்மா மகள்:

எல்லோருக்கும் மனசார நன்றி. அங்கன்வாடி சாவி யோசனை என் தலையில் உதித்தே இருக்காது அம்மா. டாக்டர் சொன்ன ஒரு பக்கக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இது: “பாசி எடுக்கும் பெண்களுக்கு ஏற்படும் இனப்பெருக்க ஆரோக்கியப் பிரச்சினைகளும் அவற்றின் காரணங்களும்.” அக்கா, இது சரியா?

---

தொண்டிக்காரி பதில்:

ஒரு துறையே முப்பது வருடம் செய்ய வேண்டியதை ஒரு வரியில் வைத்திருக்கிறீர்கள். சுருக்குங்கள். ஒரே ஒரு நோய், ஒரே ஒரு ஒப்பீடு. நான் எழுதினால் இப்படி: “கடந்த ஐந்து வருடங்களில் எப்போதாவது பாசி எடுக்கப் போன 18 முதல் 49 வயதுப் பெண்களிடம், கல்ச்சரில் உறுதியான சிறுநீர்த் தொற்று, அதே தெருவில் ஒருபோதும் போகாத அதே வயதுப் பெண்களைவிட அதிகமா?” நின்றுபோனவர்கள் “எப்போதாவது” என்ற சொல்லுக்குள் வந்துவிட்டார்கள், கவனியுங்கள். ஐந்து வருடத்துக்கு முன்பே விட்டவர்களை இரண்டு பக்கமும் சேர்க்காமல் தனியாக வைத்துவிடுங்கள். அடி இறக்கம் வேறு ஆய்வு. அதற்குப் பரிசோதிக்கத் தனி அறையும் பெண் மருத்துவரும் வேண்டும், அதை எம்.பி.எச். ஆய்வேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு வரி சேருங்கள். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் யார் மருந்து தருவார்கள், எத்தனை நாளுக்குள் தருவார்கள் என்று ஒன்று. ஒவ்வொரு பெண்ணின் முடிவையும் அவர் கையில் எப்படிக் கொடுப்பீர்கள் என்று இன்னொன்று. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனியாக உட்கார வைத்து வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். குழு வந்து ரத்தம் எடுத்துப் போன தெரு அது, இந்த வரி இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் ரூசெக் என்ற அமைப்பையும் தேடிப் படியுங்கள். 1981இலிருந்து கிராமத்துத் தலித் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாக நின்று நடத்துவது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.கே. சுந்தரி ரவீந்திரன் பிறகு அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியராக இருந்தார். ஊர்ப் பெண்களோடு வேலை பார்ப்பதும் உலக அளவில் எழுதுவதும் ஒரே ஆளால் முடியும் என்பதை அவர் எழுதியவற்றில் பார்க்கலாம்.

குறிப்பைத் திருத்தி இங்கேயே போடுங்கள். எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்ற கணக்கைப் புள்ளியியல் மென்பொருளில் சேர்ந்து போட்டுவிட்டு, அப்புறம் பேராசிரியரைப் பார்க்கப் போகலாம்.